சாம்பான் ஷூ

"பந்தைத் தட்டிக்கிட்டுத் திரிஞ்சா சோறு கிடைக்குமா? நீயே உன் மருமகன்கிட்ட சொல்லு" என்று அத்தான் என் பக்கம் திரும்பினார். சிங்கப்பூரில், யீஷூனில் அக்கா வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு. இலையில் ஆட்டுக்கறி, எதிரே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பதினாறு வயதுப் பையன். சாதாரண நிலைத் தேர்வு (ஓ லெவல்) முடிந்ததும் என்ன படிக்கப் போகிறாய் என்று பாட்டி சும்மா கேட்டு வைத்தார். அவனும் சும்மா இராமல், "ப்ரோ பாஸ்கெட்பால் பிளேயர் ஆகப் போறேன்" என்று சொல்லிவிட்டான். அதில் தொடங்கியது.

என்னைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் அந்த ஆசைப்பட்டு, அதற்காக இரண்டு முட்டிகளையும் கெடுத்துக்கொண்ட ஒரே ஆள் நான்தான். இப்போது துவாஸில் ஒரு கிடங்கில் கொள்கலன் போக்குவரத்து அட்டவணை போடுகிறேன். அத்தானைப் பொறுத்தவரை அவருடைய வாதத்துக்கு நானே சாட்சி. பையனைப் பொறுத்தவரையும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டேன். சொல்ல வேண்டியது ஒரு வரியில் அடங்காது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. அது சின்னக் கதைதான். உயர்நிலை ஒன்றில் சேர்ந்தபோது இணைப்பாட நடவடிக்கைக்குக் கூடைப்பந்தைத் தேர்ந்தெடுத்தேன். தமிழ்ப் பையன்கள் எல்லாரும் காற்பந்துக்குப் போனார்கள். கூடைப்பந்து அணியில் இருபத்திரண்டு பேர், அதில் சீனர் அல்லாதவன் நான் ஒருவன். யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனால் பயிற்றுநர் பேசியது மாண்டரினில். இந்த ஊரில் கூடைப்பந்து வளர்ந்ததே சீனப் பள்ளிகளிலும் சங்கங்களிலும்தான், அதனால் விளையாட்டின் மொழியும் அதுவாகவே இருந்துவிட்டது. கோபம் வந்தால் மட்டும் அவர் ஆங்கிலத்துக்கு மாறுவார், அதுவும் எனக்காக.

முதல் மாதம் அடுத்தவன் ஓடுவதைப் பார்த்து ஓடினேன். அரை நொடி தாமதம். கூடைப்பந்தில் அரை நொடி என்பது ஒரு லே-அப், எதிராளி ஓடிவந்து வளையத்துக்குப் பக்கத்தில் போட்டுவிடும் கூடை. அப்புறம் காதில் விழுந்த சொற்களைத் தமிழ் எழுத்தில் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். லான்பான் என்றால் ரீபவுண்ட், கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது. ஹுய்ஃபாங் என்றால் திரும்பி ஓடித் தடு. குவாய்கொங் என்றால் பந்து கிடைத்ததும் நிற்காமல் பாய். ஹுவான்ரென் என்றால் ஆள் மாற்று. இந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு நன்றாகப் பழகியது, ஏனென்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் ஆட்டம் முழுக்கக் காது கொடுத்துக் காத்திருப்பது அந்தச் சொல்லுக்குத்தான். அம்மா ஒருநாள் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, மந்திரமா?" என்றார்.

2006-ல் எனக்குப் பதினைந்து வயது. அந்த ஆண்டுதான் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ் வந்தது. ஆஸ்திரேலியத் தேசியக் கூடைப்பந்து லீகில், ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வெளியே இருந்து ஆடிய ஒரே அணி அது. உள்ளரங்கில் இரவு ஆட்டம். பள்ளிச் சீருடையோடு மேல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். கூடைப்பந்து ஆடுவதையே வேலையாகச் செய்கிற, மாதாமாதம் சம்பளம் வாங்குகிற மனிதர்களை நேரில் பார்த்தது அன்றுதான். அன்று ரயிலில் திரும்பி வந்தபோது எனக்கும் ஒரு வழி இருக்கிறது என்று தோன்றியது. வழி இரண்டு பருவம்தான் நீடித்தது. ஒவ்வொரு வெளியூர் ஆட்டத்துக்கும் விமானம் ஏற வேண்டும். மிக அருகில் உள்ள எதிரணியே பெர்த், அதற்கே ஐந்து மணி நேரம். எரிபொருள் விலை ஏறியது, 2008-ல் அணி அந்த லீகிலிருந்து விலகிக்கொண்டது. 2009-ல் ஆசியான் கூடைப்பந்து லீக் ஆறு அணிகளோடு தொடங்கியபோது ஸ்லிங்கர்ஸ் அதில் சேர்ந்தது. அந்த நேரத்தில் நான் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையில், தெக்கோங் தீவில், தலையை மழித்துக்கொண்டு நின்றேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கூடைப்பந்துக்காரன் வாழ்க்கை எப்படிப் போகும் என்று கேட்பவர்கள் உயரத்தைப் பற்றிப் பேசுவார்கள், திறமையைப் பற்றிப் பேசுவார்கள். வயதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வில், அணிகள் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் ஆண்டுத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கக் குறைந்தது அந்த ஆண்டில் 19 வயதாக வேண்டும். வெளிநாட்டுக்காரனாக இருந்தால் 22 வயதாகும் ஆண்டில் தானாகவே பட்டியலில் சேர்ந்துவிடுவான், அதில் யாரும் எடுக்கவில்லை என்றால் அந்த வாசல் மூடியது. பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வரை உள்ள அந்தச் சின்ன ஜன்னலில் அமெரிக்கப் பையன் பல்கலைக்கழக அணியில் நாள்தோறும் இரண்டு வேளை பயிற்சி செய்துகொண்டிருப்பான். நம் பையன் அதில் இரண்டு ஆண்டுகளைப் பச்சைச் சீருடையில் கழிப்பான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நானும் சேவை செய்தவன்தான், அங்கே கிடைத்த நண்பர்கள் இன்றும் என்னோடு இருக்கிறார்கள். ஆனால் கணக்கு என்று வந்துவிட்டால் கணக்குதான். வார இறுதியில் வெளியே வந்து கீழ்த்தளத்துக்குப் பக்கத்தில் உள்ள திடலில் பந்தைக் கையில் எடுத்தால், விரல் நுனிகள் யாரோ ஒருவருடையவை போல இருக்கும். ஜம்ப் ஷாட்டில் முதல் பத்து பந்து வளையத்தின் முன் விளிம்பில் இடிக்கும். ஞாயிறு மாலை கை பழகி வரும்போது முகாமுக்குத் திரும்ப வேண்டும்.

இருபத்தொன்றில் வெளியே வந்து ஒரு கழகத்தின் தேர்வுக்குப் போனேன். பெயர் வேண்டாம். நாற்பது பேர் வந்திருந்தோம். இரண்டாம் நாள் என் முட்டி பன் மாதிரி வீங்கியது. அவ்வளவுதான் என் தொழில்முறை வாழ்க்கை.

சரி, உலகத்தில் மற்றவர்களுக்கு எப்படி? பையனின் அறைச் சுவரில் இருப்பவர்களை விட்டுவிடுவோம், அவர்கள் கணக்கில் வராதவர்கள். என்.பி.ஏ.வில் 30 அணிகள். ஒரு அணியில் 15 பேருக்கு முழு ஒப்பந்தம், கூட மூன்று பேருக்கு, கீழ் லீகுக்கும் மேல் லீகுக்கும் மாறி மாறிப் போய் ஆடும் இருவழி ஒப்பந்தம். ஆண்டுத் தேர்வில் எடுக்கப்படுபவர்கள் 60 பேர் அளவில். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முதல் பிரிவில் மட்டும் 350-க்கு மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர் வரை. எடுக்கப்பட்ட அறுபதிலும் இரண்டாம் சுற்றில் வருபவர்களுக்குப் பெரும்பாலும் எந்த உறுதியும் கிடையாது. மேலே போனால் குறைந்தபட்சச் சம்பளமே ஆண்டுக்குப் பத்து லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டும். ஒரு படி கீழே, ஜி லீகில், ஒரு பருவம் முழுவதற்கும் 40,000 டாலரைச் சற்றுத் தாண்டும். இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு கிடையாது, ஒரு பள்ளம்தான்.

நம்மைப் போன்ற முகம் ஒன்று அங்கே உண்டா என்று பையன் ஒருமுறை கேட்டான். உண்டு. சத்னாம் சிங், பஞ்சாப் கிராமத்துப் பையன், 7 அடி 2 அங்குலம். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-வது ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. இந்தியாவில் பிறந்து அந்தத் தேர்வில் எடுக்கப்பட்ட முதல் ஆள். ஊரே கொண்டாடியது. ஆனால் என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. கீழ் லீகில் ஆடினார், இந்தியா திரும்பினார், பிறகு அமெரிக்காவில் தொழில்முறை மல்யுத்த மேடைக்குப் போய்விட்டார். அதே 2015-ல், அவருக்கு இரண்டு மாதம் முன்பு, சிம் புல்லர் சாக்ரமெண்டோ கிங்ஸுக்கு ஆடினார். கனடாவில் பிறந்தவர், பெற்றோர் பஞ்சாபிகள், உயரம் 7 அடி 5 அங்குலம். பத்து நாள் ஒப்பந்தம். ஆமாம், பத்து நாள். மூன்று ஆட்டங்களில் இறங்கினார், மொத்தம் மூன்று நிமிட அளவு. அப்புறம் பல ஆண்டுகள் தைவானில் ஆடினார், அங்கே நன்றாகவே ஆடினார். அந்த மூன்று நிமிடத்தை வைத்துத்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். தைவானில் ஆடிய ஆண்டுகள்தான் அவருடைய உண்மையான தொழில் என்று நான் சொல்வேன். பையனுக்கு இது பிடிக்கவில்லை.

தொழில் என்று நான் சொல்வது எதை என்பதற்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும்.

ஸ்லிங்கர்ஸ் காலாங்கில் ஓசிபிசி அரீனாவில் ஆடத் தொடங்கியிருந்த காலம். நான் வார நாள்களில் வேலை, வார இறுதிகளில் கோர்ட் ஓரத்தில் எடுபிடி. நாற்காலி போடுவது, துண்டு மடிப்பது, வெளியூர் அணி வந்தால் பேருந்துக்கும் உடைமாற்றும் அறைக்கும் வழி காட்டுவது. கையில் கிடைத்தது சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் சரியாக இருந்தது. காசுக்காகவா போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு மணிக்கு ஆட்டம். காலையில் வெளியூர் அணி ஒரு மணி நேரம் வந்து பந்து போட்டுப் பார்த்தது. அதில் ஓர் அமெரிக்கர், 6 அடி 9 அங்குலம், முப்பத்தொரு வயது. பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது அவருடைய வலது ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்தது. முன்பக்கம் பாதிவரை கழன்று, நடந்தால் பட் பட் என்று தரையில் அடித்தது. மாற்று ஜோடி? அது போன வாரம் வேறு நாட்டு ஹோட்டலில் மறந்துபோய்விட்டதாம். அவர் கால் அளவு அமெரிக்கக் கணக்கில் 17.

"இந்த ஊரில் எங்கே கிடைக்கும்?" என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்து கிடைக்காது. ஆனாலும் எப்படி இல்லை என்று சொல்வது? டாக்சி பிடித்துக் குவீன்ஸ்வே கடைத்தொகுதிக்குக் கூட்டிப்போனேன். டாக்சியின் முன் இருக்கையை முழுதாகப் பின்னால் தள்ளியும் அவருடைய முட்டி கையுறைப் பெட்டியில் இடித்தது. அந்தக் கட்டடத்தில் விளையாட்டு ஷூக் கடைகளுக்குக் குறைவே இல்லை. ஏழு கடை ஏறி இறங்கினோம். எல்லாக் கடையிலும் அதே நாடகம். கடைக்காரர் முதலில் அவர் முகத்தை அண்ணாந்து பார்ப்பார், பிறகு காலைப் பார்ப்பார், பிறகு சிரிப்பார். பதின்மூன்றுக்கு மேல் யாரிடமும் இல்லை. எட்டாவது கடையில் ஒரு பெண், காட்சிக்கு வைத்திருந்த ராட்சத ஷூ ஒன்றை விளையாட்டாக எடுத்துக் காட்டினார். அது பிளாஸ்டிக்.

பகல் பன்னிரண்டு. அடுத்த யோசனை சைனாடவுன். அங்கே பாதையோரம் முக்காலி போட்டுக் காலணி தைக்கும் பெரியவர் ஒருவரைப் பார்த்திருந்தேன். நல்லவேளை, அன்று இருந்தார். ஷூவைக் கையில் வாங்கி, எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்து, மாண்டரினில் என்னிடம் கேட்டார், "இது ஷூவா, சாம்பானா?" சாம்பான் என்றால் சின்னப் படகு. நான் மொழிபெயர்த்ததும் அமெரிக்கர் வாய்விட்டுச் சிரித்தார். அன்று முழுவதும் அவர் அப்படிச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பெரியவர் வேலையைச் சிரிப்போடு விட்டுவிடவில்லை. பழைய பசையை முதலில் கத்தியால் சுரண்டினார். உப்புத்தாளால் இரண்டு பக்கமும் தேய்த்தார். மஞ்சள் பசையைத் தடவி, உடனே ஒட்டாமல், விசிறியால் வீசிக்கொண்டே காத்திருந்தார். ஒட்டிய பிறகு, முனையைச் சுற்றிக் கெட்டியான நைலான் நூலால் தையல். ஊசி உள்ளே போகாத இடத்தில் முதலில் குத்தூசியால் ஓட்டை போட்டுக்கொண்டார். அவர் தைப்பதைப் பார்த்துக்கொண்டே, நடைபாதையில் சாக்ஸ் காலோடு நின்றபடி, அந்த அமெரிக்கர் பேச ஆரம்பித்தார்.

பெரிய பல்கலைக்கழகம் எதிலும் அவர் ஆடவில்லை. தேர்வில் யாரும் எடுக்கவில்லை. அதற்கப்புறம் ஒன்பது ஆண்டுகளில் எட்டு நாடுகள். ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு, சில சமயம் இரண்டு மாதத்துக்கு. இறக்குமதி ஆட்டக்காரர் என்றால் இருபது புள்ளி எடுக்க வேண்டும், பத்து ரீபவுண்ட் எடுக்க வேண்டும். இரண்டு ஆட்டம் சரியில்லை என்றால் நிர்வாகம் ஏஜெண்டுக்குப் போன் போடும். புதியவர் வந்து இறங்கும் விமானத்திலேயே பழையவர் திரும்பிப் போவார் என்று அவர்களுக்குள் ஒரு கேலிப்பேச்சு உண்டாம். மகளுக்கு ஆறு வயது, அமெரிக்காவில். இங்கே ஆட்டம் முடியும் நேரத்தில் அங்கே அவள் காலைச் சாப்பாட்டு மேசையில் இருப்பாள், வீடியோவில் பேசுவார். "முட்டி?" என்று கேட்டேன். வலது பக்கம் இரண்டு அறுவை சிகிச்சை என்றார். அதைச் சொல்லும்போது குரலில் ஒன்றும் இல்லை, காரை சர்வீஸுக்கு விட்ட கதை மாதிரி.

எனக்கு அப்போது கொஞ்சம் பரிதாபமாக இருந்தது. என்ன வாழ்க்கை இது என்றுதான் நினைத்தேன். பெரியவர் பன்னிரண்டு வெள்ளி கேட்டார், இவர் இருபது கொடுத்தார், பெரியவர் எட்டு வெள்ளியை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான்கு மணிக்கு ஆட்டம். அந்தத் தைத்த ஷூவோடு அவர் முப்பத்தாறு நிமிடம் ஆடினார். நான் பார்த்தது ஷூவை மட்டும்தான். அப்போது கவனித்த ஒன்றை இன்னும் மறக்கவில்லை. எதிரணியின் ஷாட் கையை விட்டுப் போன உடனே எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். இவர் பார்க்க மாட்டார். முதலில் தன் ஆள் எங்கே என்று முழங்கையால் தேடி, இடுப்பை அவன் தொடையில் அழுத்தி, ஒரு அடி பின்னால் தள்ளி இடம் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்குவார். ஒவ்வொரு ஷாட்டுக்கும். பந்து தன் பக்கம் வராது என்று தெரிந்த ஷாட்டுக்கும். எங்கள் பயிற்றுநர் நான்கு ஆண்டு லான்பான், லான்பான் என்று கத்தியது இதற்குத்தான் என்று இருபத்தைந்தாவது வயதில் புரிந்தது. குதிக்கும் உயரத்தில் அவர் நான்காவது ஐந்தாவது ஆளாகத்தான் இருப்பார். பதினான்கு ரீபவுண்ட்.

ஆட்டம் முடிந்து, சூடாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்றார். தேக்காவுக்குக் கூட்டிப்போனேன். ஞாயிறு மாலை, சிராங்கூன் சாலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடைபாதை முழுக்க நம் ஊழியர்கள், கூட்டம் அவருக்கு மட்டும் தானாக வழி விட்டது. முர்தபாவும் தே ஹாலியாவும் சாப்பிட்டார். இஞ்சி மூக்கில் ஏறி இருமினார். புதுக்கோட்டைக்காரத் தம்பி ஒருவர் வந்து படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவரைத் தொடர்ந்து ஏழெட்டுப் பேர். ஒருவர் என்னிடம் மெதுவாக, "அண்ணே, இவரு என்.பி.ஏ.வா?" என்றார். நான் அதை மொழிபெயர்க்காமல் இருந்திருக்கலாம். மொழிபெயர்த்தேன். அவர் முர்தபாவை மென்றுகொண்டே, "இல்லை, நான் வேலைக்கு வந்தவன், உங்களை மாதிரி" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அந்தத் தம்பி என்ன நினைத்தாரோ, போய் ஒரு குளிர்பானம் வாங்கி வந்து அவர் கையில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து அந்த அணியின் ஆட்டப் புள்ளிவிவரத்தைப் பார்த்தேன். அவர் பெயர் இல்லை, அந்த இடத்தில் வேறொரு பெயர்.

என்னுடைய பரிதாபம் தப்பு என்று தோன்ற எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. ஒன்பது ஆண்டு பந்து விளையாடிச் சம்பாதித்திருக்கிறார். அடுத்த நாடு எங்கோ அவருக்குக் கிடைத்திருக்கும். கூடைப்பந்து ஆடிப் பிழைக்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இவர்தான். சுவரொட்டியில் இருக்கும் ஆள் விதிவிலக்கு. பையன் ஆசைப்படுவது விதிவிலக்காக ஆவதற்கு. அத்தான் பயப்படுவது அது நடக்காது என்று. நடுவில் இருக்கும் இந்தத் தையல் போட்ட ஷூவை இரண்டு பேருமே பார்த்ததில்லை.

அத்தான் பக்கத்து வாதத்துக்கு ஒரு நல்ல பதில் சென்னையில் இருக்கிறது. அத்தான் அங்கே பிறந்து வளர்ந்தவர், ஆனாலும் இதை மறந்துவிடுகிறார். அனிதா பால்துரை, சென்னைப் பெண், இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர். பதினெட்டு ஆண்டுக்குப் பக்கமாக நாட்டுக்கு ஆடினார், குழந்தை பிறந்த பிறகும் திரும்பி வந்து ஆடினார், 2021-ல் பத்மஸ்ரீ. அவருக்குச் சோறு போட்டது லீக் ஒப்பந்தம் இல்லை, தெற்கு ரயில்வே வேலை. இந்தியாவில் கூடைப்பந்துக்காரர் பாதை ரொம்பக் காலமாக அதுதான். ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காவல்துறை. விளையாட்டுக்காக வேலையில் எடுப்பார்கள், ஓய்ந்த பிறகும் வேலை இருக்கும். கொஞ்சம் மந்தமான ஏற்பாடுதான், ஆனால் முட்டி போனால் நடுத்தெரு இல்லை.

நமக்கு அந்த ஏற்பாடும் இல்லை, பிலிப்பீன்ஸ் மாதிரி 1975-லிருந்து ஓடும் தொழில்முறை லீகும் இல்லை. இந்த ஊரின் கூடைப்பந்துக்குப் பெருமை இல்லாமல் இல்லை. 1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆடி 13-வது இடம் பிடித்த அணி நம்முடையது. 2013 தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஆண்கள் அணி வெண்கலம் வாங்கியது, 34 ஆண்டுக்குப் பிறகு. 2015-ல் சொந்த மண்ணில் மறுபடியும் வெண்கலம். ஸ்லிங்கர்ஸ் ஆசியான் லீகில் 2016, 2017, 2019 என்று மூன்று முறை இறுதிப் போட்டி வரை போய் மூன்றிலும் தோற்றது. 2019-ல் இந்தோனேசிய அணியிடம் ஐந்தாவது ஆட்டம் வரை போய்த் தோற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த பருவம் பாதியில் கொவிட் வந்து லீகே நின்றது. ஒரு ஆட்டக்காரனுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயது என்பது உடம்பும் மூளையும் ஒன்றாக வேலை செய்யும் காலம். அந்த வயதில் இருந்தவர்களுக்கு லீக் இல்லாமலே சில ஆண்டுகள் போய்விட்டன. யாரைக் கேட்பது?

பையன் அதெல்லாம் கேட்க மாட்டான். அவனுக்கு லவின் ராஜ் போதும். தேசிய அணியிலும் ஸ்லிங்கர்ஸிலும் ஆடிய நம் முகம். உயரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவரைப் பார்த்துச் செய்கிறான். உயரமும் 1.83 மீட்டர் வரை வந்துவிட்டது, ஆனால் இந்த உயரத்துக்கு அவன் வளையத்தடியில் நிற்கும் சென்டராக ஆட முடியாது, பந்தைக் கையாளக் கற்றுக்கொள்ள வேண்டும். இதை நான் சொன்னபோது மட்டும் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

மூவர் கூடைப்பந்து என்று ஒன்று இருக்கிறது. பாதித் திடல், பத்து நிமிடம், 21 புள்ளி எடுத்தால் முடிந்தது, பன்னிரண்டு நொடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும். தோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கிலும் உண்டு. அதன் ஆசியக் கிண்ணம் 2022 முதல் தொடர்ந்து இங்கே காலாங்கில் நடந்து வருகிறது. நான்கு பேர் போதும் என்பதால் சின்ன நாட்டுக்கு அது தோதான ஆட்டம். அவனைக் கூட்டிப்போயிருக்கிறேன். முதல் ஆட்டம் முடிவதற்குள் அவன் பாப்கார்ன் தின்பதை நிறுத்திவிட்டான். ஒருவனைத் தாண்டினால் உதவிக்கு அடுத்தவன் வருவதற்குள் கூடை, அந்த வேகம் அவனுக்குப் பிடித்துவிட்டது.

போன வியாழக்கிழமை அத்தானோடு கோப்பிக்கடையில் உட்கார்ந்தேன். அவர் கோபி ஓ, நான் தே சி. நான் சொன்னது இதுதான்: பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேரட்டும், அங்கே அணி இருக்கிறது. கழகத்தில் பதிவு செய்து வார நாள்களில் மூன்று மாலை ஆடட்டும். சேவைக்குப் போய்த் திரும்பி வரும்போது இருபத்தொன்றாகும், அப்போது யாராவது ஒப்பந்தம் கொடுத்தால், அது ஆறு மாதத்துக்காக இருந்தாலும், வேறு நாட்டில் இருந்தாலும், போகட்டும். யாரும் கொடுக்கவில்லை என்றால் கையில் டிப்ளோமா இருக்கும். அத்தான் ரொம்ப நேரம் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார்.

"நீ அப்ப முட்டிக்கு வைத்தியம் பார்த்திருந்தா?" என்று கேட்டார்.

"தெரியலத்தான். இன்னும் ரெண்டு வருஷம் பெஞ்சுல உட்கார்ந்திருப்பேன்."

"அதுக்கும் காசு தருவாங்களா?"

"தருவாங்க."

அவர் சிரித்தார். சம்மதமா இல்லையா என்று சொல்லவில்லை. டாக்சி உரிமம் புதுப்பிக்கப் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார்.

அன்று இரவு ஒன்பதரைக்குப் பையன் செய்தி அனுப்பினான், புளோக் கீழே திடலில் இருக்கிறானாம், வர முடியுமா என்று. வேலை உடையை மாற்றாமலே போனேன். நான்கு பேர் பாதித் திடலில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சீனப் பையன், இரண்டு மலாய்ப் பையன்கள், இவன். ஒரு மலாய்ப் பையனுக்குப் பாட்டி போன் போட்டுக் கூப்பிட்டதால் ஓர் ஆள் குறைந்தது. "மாமா, வாங்க" என்றான். நான் பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு வளையத்தின் கீழே போய் நின்றேன்.

சீனப் பையன் ஷாட் போட்டான். நான் பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வழக்கம்போல. என் தொடையில் ஓர் இடுப்பு வந்து அழுத்தியது. ஒரு அடி பின்னால் போனேன். இன்னும் ஒரு அடி. பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பியபோது நான் திடலுக்கு வெளியே, புல்லில் நின்றுகொண்டிருந்தேன்.

"லான்பான்!" என்று கத்திக்கொண்டே என் அக்கா மகன் குதித்தான்.